அரிசிம்பருப்பு கொதிக்கும் சத்தம்

ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. நாலு மாசம் கை படாமல் இருந்தால் எதுவும் மறந்துதான் போகும் போல. சிலிண்டருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு அந்தக் கறுப்புக் குமிழையே பார்க்கிறேன். காலையில் என் வீட்டுக்காரர் பட்டறைக்குக் கிளம்பும்போது இதைத் திருகி மூடினார், மூடிய பிறகும் இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார், அப்புறம்தான் செருப்பை மாட்டினார். "ஒண்ணரைக்கு மெஸ்ஸுல சாப்பாடு வாங்கீட்டு வந்தர்றேன் தேனு. அதுக்குள்ள நீ எதும் பண்ண வேண்டாம், செரியா?" தேன்மொழியைத் தேனு ஆக்கி இருபது வருஷம் ஆகிறது. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அதட்டவில்லை, கெஞ்சினார், கெஞ்சுகிறவரிடம் என்ன சண்டை போடுவது, சரி என்றேன். சரி என்று சொன்னது ஒன்பது மணிக்கு. இப்போது பதினொன்றே கால். பத்து நிமிஷத்துக்கு முன்னால் உள் அறையிலிருந்து தாரிணி கூப்பிட்டாள், கூப்பிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சோடு சேர்ந்து ஒரு சத்தம், ஓடினேன். பதினாறு வயசுப் பெண், கட்டிலோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறாள். டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து இட்லி வேண்டாம், கஞ்சி வேண்டாம், இளநீர் இரண்டு வாய், அவ்வளவுதான். "அம்மா, பசிக்குது" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினொரு நாளாக உட்கார்ந்திருந்தேன். "என்ன வேணும் சாமி? இட்லி சூடு பண்ணித் தரட்டா?" என்று கேட்ட பிறகுதான் என்னால் எதையும் சூடு பண்ண முடியாது என்பது ஞாபகம் வந்தது. அவள் கேட்டது இட்லி இல்லை. "அரிசிம்பருப்பு சாதம்." "அத்தை கல்யாணத்துக்குப் போயிருக்கறாங்கல்ல கண்ணு, சாயங்காலம் வந்ததும் செய்யச் சொல்றேன்." தாரிணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத்தை செய்யறது வேண்டாம். நீ செய்யறது வேணும்." சாயங்காலம் வரைக்கும் இந்தப் பசி இருக்குமா? பதினொரு நாள் கழித்து வாசலுக்கு வந்த பசியை, கொஞ்சம் பொறு, ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருமா? குமிழைப் பிடித்தேன். இடப்பக்கம் திருப்பினேன். டக் என்றது. கை மறக்கவில்லை, நான்தான் மறந்திருக்கிறேன்.

திறந்தாயிற்று. இப்போது குழாய்க்குள் கேஸ் வந்திருக்கும், வந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா, மற்றவர்களுக்கு மூக்கு சொல்லிவிடும், எனக்குச் சொல்லாது. எட்டு மாசத்துக்கு முன்னால் பெருந்துறை ரோட்டில் ஒரு வேகத்தடை, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, ஸ்கூட்டி துள்ளியது, பின்னந்தலை தரையில் பட்டது. ரத்தம்கூட வரவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, தெய்வந்தான் காப்பாத்தீருக்குது என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் நங்கை காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நங்கை என்பது என் வீட்டுக்காரரின் அக்கா சௌந்தரம், தாரிணிக்கு அத்தை, இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு வாய் குடித்துவிட்டு, "நங்கை, காப்பித்தூள் போட மறந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றேன். அவர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கசப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, காப்பி மட்டும் இல்லை. மூக்குக்கு மேலே உள்ள நரம்பு அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர், வரலாம்மா, வராமலும் போகலாம். மல்லிகை போச்சு, மண் நனைகிற வாசம் போச்சு, அதெல்லாம் போனால் போகட்டும் என்று ஒரு மாதிரி இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் தாரிணிக்கு நூற்றிமூன்று காய்ச்சல் அடித்த ராத்திரி அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன், பிறந்த நாளிலிருந்து தெரிந்த உச்சந்தலை, சுவரில் மூக்கை வைத்த மாதிரி இருந்தது, அன்றைக்குத்தான் அழுதேன். சரி, இப்போது எதற்கு அது. அரிசி இரண்டு டம்ளர். துவரம்பருப்பு அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் குழைவாக வேண்டும், பருப்பு இன்னும் ஒரு பிடி போடலாம். அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை. பருப்பை விரலால் தேய்த்தேன், பொடி உதிரவில்லை. தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்தினேன், ஒன்று காம்புப் பக்கம் நெகிழ்ந்திருந்தது, தூக்கிப் போட்டேன். இப்படித்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு இப்படிப் பார்த்திருந்தால் அந்தக் கேவலம் வந்திருக்காது.

அந்தக் கேவலம் என்பது தேங்காய்ச் சட்னி. என் வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார், முதல் நாள் மூடி வைத்த தேங்காயை அரைத்து வைத்துவிட்டேன், ஊசிப்போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும். சித்தப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். யாரும் என்னைத் திட்டவில்லை, யாருமே திட்டவில்லை, அதுதான் ஆகவில்லை எனக்கு. அப்புறம் ஒரு மாசம் கழித்து அந்தப் பால். சிம்மில் பாலை வைத்துவிட்டு மிக்ஸியில் பொட்டுக்கடலை அரைத்துக்கொண்டிருந்தேன், பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, மிக்ஸி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அரைத்து முடித்து, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தேன். டியூஷன் விட்டு வந்த தாரிணி வாசலிலேயே செருப்போடு கத்தினாள், "அம்மா! கேஸ்! லைட்டப் போட்றாத, வெளிய வா!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் வெளியே வந்தார்கள். சாயங்காலம், இருட்டப் போகிற நேரம், இன்னும் இரண்டு நிமிஷத்தில் நானே எழுந்துபோய் லைட் சுவிட்சைப் போட்டிருப்பேன். இனி நான் அடுப்பைத் தொடக் கூடாது என்று அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டார்கள், எனக்கும் சேர்த்துத்தான், நானும் ஒத்துக்கொண்டேன். கரண்ட் அடுப்பு வாங்கலாமா என்று அவர் கேட்டார், அதுலயும் கருகிப்போனா அவளுக்குத் தெரியாதேடா என்றார் நங்கை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நங்கை வந்தார். அதற்கடுத்த நாளும் ஆறு மணிக்கு. நாலு மாசம். சமையல்கட்டு நிலைப்படியில் என் நிழல் விழுந்தால் போதும், "நீ போய் உக்காரு அம்மிணி, நான் பாத்துக்கறேன்." என் வீட்டிலேயே நான் ஒறம்பரையாகிவிட்டேன், விருந்தாளியை உட்காரவைத்துச் சோறு போடுவார்களே அந்த மாதிரி. நன்றாக இருக்குதா என்று கேட்பார், இருக்குதுங் நங்கை என்பேன். என்ன நன்றாக இருந்தது, உப்பும் காரமும் சூடும், அதுக்கு மேல் எனக்கு எது.

லைட்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜன்னல் இரண்டும் திறந்தாயிற்று, பின்கதவு திறந்தாயிற்று, காற்றாடியை நிறுத்திவிட்டேன், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யையும் நிறுத்திவிட்டேன். வீடே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கிறது. சிலிண்டர் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், நுரை வரவில்லை, அப்போது கசிவு இல்லை. அப்புறம் எதற்கு இன்னும் அடிக்காமல் நிற்கிறேன். உள்ளே பிள்ளை படுத்திருக்கிறாள், எழுந்து ஓடக்கூட முடியாத பிள்ளை. ஏதாவது ஆனால்? ஏதாவது ஆனால் என்ற இந்த வார்த்தை எட்டு மாசமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏதாவது ஆனால் அதற்குத் தகுந்த மாதிரி ஏதாவது பண்ண வேண்டியதுதான், வேறென்ன. லைட்டரை முதலில் பர்னரில் வைத்தேன், அப்புறம்தான் அடுப்புக் குமிழைத் திறந்து அடித்தேன். பக் என்று பிடித்தது. நீலமாக, வட்டமாக, சின்னச் சின்ன இதழாக. அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது, இத்தனை வருஷம் சமைத்தும் நான் கேட்டதே இல்லை, சன்னமாக உறுமுகிறது, தூங்குகிற பூனையின் வயிற்றில் காதை வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி. குமிழை மூடினேன், உறுமல் நின்றது. பற்றவைக்காமல் ஒரு நொடி திறந்து மூடினேன், ஸ்ஸ் என்றது, அதில் உறுமல் இல்லை. மறுபடி பற்றவைத்தேன், உறுமல் வந்தது. எரிகிற அடுப்புக்கு ஒரு சத்தம், எரியாமல் திறந்திருக்கிற அடுப்புக்கு ஒரு சத்தம். இரண்டும் வேறு வேறு. எனக்குத் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. பதினாலு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவள் நான், பன்னிரண்டு மெஷின் ஒரே நேரத்தில் அடிக்கும், நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே மூன்றாவது மெஷின் விரல் தப்புது, எட்டாவது மெஷின் ஸ்பேஸ் விட்டுட்டே என்பேன், பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், மேடத்துக்கு முதுகிலயும் கண்ணு என்பார்கள். கண் இல்லை, காது. இந்தக் காதை எட்டு மாசமாக எங்கே வைத்திருந்தேன்?

முதலில் நெய். டப்பாவில் இருக்கிற நெய் எப்போது உருக்கியதோ, காறிப்போயிருந்தால் எனக்குத் தெரியாது, பிள்ளைக்கு அதைப் போட மாட்டேன். ஃப்ரிட்ஜில் நேற்று வாங்கிய வெண்ணெய் இருக்கிறது. கடாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது, உருகியது, அப்புறம் சடசடவென்று ஆரம்பித்தது, கூரையில் மழை விழுகிற மாதிரி. முருங்கைக்கீரை ஒரு கொத்து வேண்டும், பின்கதவுக்கு வெளியே எட்டிப் பறித்துக்கொண்டு ஓடிவந்தேன், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போகிறாளே என்று நங்கையின் குரல் தலைக்குள் கேட்டது, மூணே எட்டு நங்கை, எண்ணித்தான் வைத்தேன். நெய் பதம் வாசத்தில்தான் தெரியும் என்பார்கள் எல்லோரும், நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். சடசட குறைகிறது. பெருமழை தூறலாகிறது. தூறல் சொட்டாகிறது. தண்ணீர் போகிற வரைக்கும்தான் வெண்ணெய் பேசும், தண்ணீர் போனதும் வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. அந்த நொடியில் அடுப்பை அணைத்தேன், கீரையைப் போட்டேன், சொர் என்று ஒரே ஒரு சத்தம். உள்ளே பார்த்தேன், பொன் நிறம், அடியில் தங்குகிற கசண்டு செம்மண் நிறத்தில் நிற்கிறது, கறுக்கவில்லை, ஒரு துளிகூடக் கறுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன் போல, "என்னம்மா?" என்றாள் தாரிணி உள்ளே இருந்து. "ஒண்ணுமில்ல கண்ணு. நீ படு."

குக்கர் வேண்டாம், விசில் சத்தத்துக்குப் பிள்ளைக்குத் தலை வலிக்கும், போசியிலேயே வைக்கிறேன், அகலமான பழைய பாத்திரம், கடலெண்ணெய் இரண்டு கரண்டி. கடுகு வெடித்து ஓய்ந்தது, ஓயட்டும் என்று காத்திருந்து, ஓய்ந்த பின்னால் சீரகம், நாலு மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், போட்டதும் ஈரமாகச் சீறியது, வதங்க வதங்கச் சத்தம் வறண்டது, ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிறதா என்று குனிந்து பார்த்தேன், பூண்டின் மேல் தோலில் தவிட்டு நிறம் ஏறியது, இதுதான், இதற்கு மேல் விட்டால் கசக்கும். தக்காளி. மஞ்சள் தூள். ஒன்றுக்கு நாலு தண்ணீர், இன்னும் அரை டம்ளர். உப்புப் போட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன். என் நாக்குக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும், நாலு மாசமாக யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கல் உப்புக் குறைவாகவே இருக்கட்டும், புண்ணான வாய். அரிசியும் பருப்பும் உள்ளே போனது. தட்டை வைத்து முக்கால் மூடினேன். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பதுதான் எனக்கு ஆகாத வேலை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள், பிளேட்லெட் எவ்வளவு என்று சொல்லச் சாயங்காலம் ஆகும். எழுபதாயிரம், நாற்பத்திரண்டாயிரம், பத்தொன்பதாயிரம். பத்தொன்பதாயிரம் என்ற அன்றைக்கு அவர் வராண்டாவில் போய் நின்றுகொண்டு வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் தாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், விரல்கள் மெல்லிசாக, வெதுவெதுவென்று, இந்த விரல்தான் அன்றைக்கு என்னை இழுத்துத் தெருவில் நிறுத்தியது, என்னை உயிரோடு வெளியே கொண்டுவந்த பிள்ளையை நான் எப்படி வெளியே கொண்டுவருவேன், எனக்கு என்ன தெரியும், ஒரு பால் பொங்குவதுகூடத் தெரியாதவள், என்று நினைத்து நினைத்து, மறுநாள் இருபத்தாறாயிரம் என்றார்கள், அப்புறம் ஐம்பது, அந்த நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள், ஏறீருச்சுங்க்கா, இனி எறங்காது, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு

உறுமல் இல்லை. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது போய்விட்டது, உறுமல் இல்லை, அது மட்டும்தான். சொய்ங் என்று ஒரு சத்தம், பருப்புத் தண்ணீர் நுரைத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வழிந்து பர்னர் மேல் விழுந்திருக்கிறது. கொதிக்கிற சத்தம் கேட்கிறது, அதற்கு அடியில் ஸ்ஸ். அந்த ஸ்ஸ். யோசிப்பதற்கு முன்னாலேயே கை போய்க் குமிழை மூடிவிட்டது, அடுத்த கை கீழே போய் ரெகுலேட்டரை மூடிவிட்டது. மூன்று நொடி ஆகியிருக்குமா? நாலு? நெஞ்சு அடிக்கிறது, பன்னிரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் அடிக்கிற மாதிரி. சுவிட்ச் எதையும் தொடாதே. கேஸ் கனம், கீழேதான் தங்கும். முறத்தை எடுத்துக் குனிந்து தரையோரமாகப் பின்கதவுப் பக்கம் விசிறினேன், விசிறினேன், தோள் வலிக்க விசிறினேன், எண்ணிக்கொண்டே, நூறு, இருநூறு. முந்நூறு எண்ணி நின்றேன். போயிருக்கும். போயிருக்குமா? மூன்று நொடியில் எவ்வளவு வந்திருக்கும், ஒரு கிண்ணம்கூட இருக்காது. ஆனாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை மட்டும் காது சொல்லாது, கண் சொல்லாது, கை சொல்லாது. பிள்ளையிடம் கேட்டால் பயந்துவிடுவாள். கேட்காமல் பற்றவைத்தால்? இப்படி நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது, தெரியாததைத் தெரியாது என்று கேட்பதற்கு நான் எதற்கு வெட்கப்பட வேண்டும், கண் மங்கலானவர் பஸ் நம்பரை அடுத்த ஆளிடம் கேட்பதில்லையா, இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் தப்பு. "தாரிணி," என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "அடுப்புப் பொங்கி அணைஞ்சிருச்சு சாமி. உடனே மூடீட்டேன். கேஸ் வாசம் எதும் வருதா உனக்கு? நல்லா மோந்து பாத்துச் சொல்லு." கட்டில் கிறீச்சென்றது. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. "இல்லம்மா." "நல்லாப் பாரு." "நல்லாத்தான் பாத்தேன். பூண்டு வாசம் வருது. சீரகம் வருது. நெய் வாசம் வேற, சீக்கிரம் போடும்மா, வயிறு கத்துது."

முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். வியர்வையோ என்னவோ. ஈரத்துணியால் பர்னரைத் துடைத்து, ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்புக் குமிழைத் திறந்து, லைட்டரை அடித்து, பக். உறுமல் வந்தது. இந்த முறை லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கவில்லை. எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதுவே நடந்தது, என் கண் முன்னால் நடந்தது, நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு நின்றபோது நடந்தது, நான் பிடித்துவிட்டேன். மூக்கில்லாமல் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே வரவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. தட்டை எடுத்துவிட்டுக் கரண்டியை விட்டுக் கிளறினேன், கலகலவென்று கொதித்தது கொஞ்ச நேரத்தில் தடித்தது, குமிழிகள் பொத் பொத் என்று வெடித்தன, அரிசி ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன், நடுவில் குருணை இல்லை. தீயைக் குறைத்து, மூடி, பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன். அப்புறம் அணைத்தேன். ரெகுலேட்டரையும் மூடினேன். போனை எடுத்து அவருக்குப் போட்டேன். பின்னால் லேத் மெஷின் ஓடுகிறது. "ஏனுங்க, மெஸ்ஸுல வாங்க வேண்டாம். நேரா வீட்டுக்கு வாங்க." "ஏன், அக்கா வந்துருச்சா?" "இல்லைங்க. அரிசிம்பருப்பு செஞ்சிருக்கறேன்." கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "தேனு," என்றார். "சொல்லுங்க." "நெய் இருக்குதா?" "காச்சி வெச்சிருக்கறேன்." "வந்தர்றேன்."

தாரிணி சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வட்டலில் போட்டு, நடுவில் குழி பண்ணி நெய்யை விட்டு, ஊதி ஊதி நீட்டினேன். ஊட்டட்டுமா என்றேன், வேண்டாம் என்று தானே எடுத்தாள். முதல் வாய். மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இரண்டாம் வாய். "எப்படி இருக்குது சாமி?" மூன்றாம் வாய், நாலாம் வாய், ஒரு பூண்டைத் தேடி எடுத்து நசுக்கிச் சாதத்தோடு சேர்த்தாள். வட்டலை வழித்துவிட்டு நீட்டினாள். "இன்னும்." அந்த ஒரு வார்த்தையை நான் எங்கே வைத்துக்கொள்வேன்! சமையல்கட்டுக்கு நடந்துபோகிறேனா மிதக்கிறேனா தெரியவில்லை. இரண்டாம் தரம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, போசியின் அடியில் ஒட்டியிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டேன், சும்மாதான் போட்டேன். மொறுமொறுவென்று பல்லில் உடைந்தது, உப்பு, மிளகுக் காரம், அடியில் ஒரு லேசான கசப்பு, நெய்யின் வழவழப்பு. வாசம் இல்லை, இல்லைதான். ஆனால் இன்னொரு தரம் சுரண்டினேன். எனக்குப் பசிக்கிறது! எட்டு மாசமாக மணி பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பசிக்கிறது. நின்ற வாக்கிலேயே கரண்டியோடு தின்றுகொண்டிருந்தபோதுதான் கேட் திறக்கிற சத்தம்.

நங்கை. கல்யாண வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்திருக்கிறார், கையில் பலகாரப் பை, பட்டுச் சேலை, வாசப்படியிலேயே நின்று மூச்சை இழுத்து மோந்தார், முகம் மாறியது, பையை அப்படியே கீழே போட்டுவிட்டு, முட்டிவலிக்காரர், விந்தி விந்தி ஓடிவந்தார். "அம்மிணி! அடுப்புப் பத்த வெச்சயா? தனியாவா?" என்னை விலக்கிவிட்டுப் போய் குமிழைத் தொட்டுப் பார்த்தார், மூடியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தார், அதுவும் மூடியிருந்தது. நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "இடையில பொங்கி அணைஞ்சுதுங் நங்கை. சத்தத்துலயே கண்டுபுடிச்சு மூடீட்டேன்," என்றேன். மறைத்திருக்கலாம். மறைக்கத் தோன்றவில்லை. அவர் வாயைத் திறந்தார், அதற்குள் உள்ளே இருந்து தாரிணி, "அத்தை, நான் ரெண்டாந்தரம் வாங்கி உண்டுட்டேன்!" என்றாள், குரலில் எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது, காலையில் இருந்த குரலே இல்லை. நங்கை உள்ளே எட்டிப் பார்த்தார். காலி வட்டலையும் அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங் நங்கை." "நான் கல்யாணத்துலயே உண்டுட்டு வந்துட்டேன்." "ஒரு வாய் உண்ணுங்க." உட்கார்ந்தார். போட்டேன், நெய் விட்டேன். சமையலில் நங்கை பேரை ஊரே சொல்லும், அவருக்குப் பரிமாறி எத்தனை நாளாயிற்று. ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றார். "உப்புக் கம்மி," என்றார். "காச்சக்காரப் புள்ளைக்குன்னு கம்மியாப் போட்டதுங் நங்கை. தெரிஞ்சேதான் போட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாசத்தில் என்னிடம் யாரும் ஒரு குறை சொன்னதில்லை, இதுதான் முதல் குறை, எனக்கு அது இனித்தது. மறுபடி குனிந்து வட்டல் காலியாகிற வரைக்கும் சாப்பிட்டார். "அப்ப நாளைக்குக் காலைல நான் வர வேண்டியதில்லையாட்ட இருக்குது," என்றார் வட்டலைப் பார்த்துக்கொண்டே. அந்த முட்டியோடு நாலு மாசம், மழையோ பனியோ, ஆறு மணிக்கு இந்தக் கேட்டைத் திறந்தவர். அவர் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தது, அத்தனையும் எங்கே போனது என்று தெரியவில்லை. "அதெப்படிங் நங்கை, வாங்க. ஆறு மணிக்கு வேண்டாம், நல்லாத் தூங்கி எந்திரிச்சு எட்டு மணிக்கு வாங்க. வந்து உக்காந்து சாப்புடுங்க." நங்கை கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறகு வட்டலை என் பக்கம் நீட்டினார். "இன்னொரு கரண்டி போடு."

போட்டேன்.